ஐந்து பத்து வண்டியில் பதினாறு பேர்

ஆரோக்கியமேரியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரும் எழுதப் போவதில்லை. என் பெயர் நெடுஞ்செழியன். மாநகரப் பேருந்தில் நடத்துநர்.

அவள் அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளம் வந்து போன பிறகு கரையோர வீடுகளை இடித்துவிட்டு, நகரத்துக்கு வெளியே எங்கோ ஓர் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியைக் கொடுத்தார்கள். வீடு கொடுத்த புண்ணியவான்களுக்கு, அதில் இருப்பவர்கள் வேலைக்குப் போவார்கள் என்பது தோன்றவில்லை போலிருக்கிறது. வேலையெல்லாம் மயிலாப்பூரிலும் அடையாறிலும்தான். விடிவதற்கு முன் ஐந்து பத்துக்குக் கிளம்பும் என் வண்டி ஒன்றுதான் அவர்களை நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும். அடுத்த வண்டி ஆறு நாற்பதுக்கு.

மேரிக்கு மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டு வைதேகி பள்ளி ஆசிரியை. அவர் மாமியார் படுத்த படுக்கை. ஆறரைக்கு மேரி போய் அந்த அம்மாளைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி கொடுத்தால்தான் வைதேகி ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப முடியும். ஒன்பது வருடமாக இப்படித்தான். மேரியின் மகள் வர்ஷினி நர்சிங் படித்துக்கொண்டிருந்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

வண்டியில் தினமும் எண்பது பேர் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். பெண்களுக்குப் பயணம் இலவசம்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் காசில்லாத டிக்கெட் ஒன்றை நான் கொடுத்தாக வேண்டும். அதை வைத்துத்தான் எந்த வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று ஆபீசுக்குத் தெரியும். எனக்கோ முட்டி வலி. ஒருநாள் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நான் பிதுங்கி நின்றபோது மேரி சத்தம் போட்டாள்.

"யக்கோவ், ஓசி டிக்கெட்டுக்கு இன்னாத்துக்கு இந்தாளப் போட்டு நசுக்குறீங்க? யாரும் கேக்காதீங்க. அண்ணே, நீ பேசாம சீட்ல குந்து."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் இரண்டு வருடம் எழுந்திருக்கவே இல்லை. காசு கொடுக்க வேண்டிய ஆண்கள் தாங்களாகவே வந்து டிக்கெட் வாங்கிப் போனார்கள். சோம்பேறித்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

போன வருடம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த கமர் ஜஹான் என்ற தையல்காரப் பெண் ஒரு திருப்பத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மேரிக்கு ஒரே பிடிவாதம், ஐந்து பத்துக்கு இரண்டாவது வண்டி வேண்டும். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் லாரன்ஸ் மனு எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் மாடி மாடியாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். மூன்று முறை ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை லாரன்சையும் கூட்டிக்கொண்டு போய் அதிகாரியைப் பார்த்தே விட்டாள்.

மறுநாள் வண்டியில் ஏறியதும் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நம்ம வண்டில மொத்தமே பதினாறு பேர்தான் போறோமாம். கம்ப்யூட்டர்ல அப்டித்தான் கீதாம். நஷ்டமாம். இன்னொரு வண்டி கேட்டா, இதையே ஒண்ணாந்தேதிலேர்ந்து நிறுத்தப் போறாங்களாம்."

அந்தப் பதினாறு, என்னிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஆண்களின் கணக்கு.

"நான் வுடல அண்ணே. ஊரெல்லாம் மேம்பாலம் கட்டி வெச்சுக்கீறீங்களே, அது இன்னா டிக்கெட் குடுத்தா சம்பாதிக்குது? அதுக்கு மட்டும் எங்கேர்ந்து துட்டு வருது, எங்க பஸ்ஸுக்கு மட்டும் ஏன் வரலன்னு கேட்டுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"நிதி இல்லம்மான்னாரு."

அந்த நிமிடமே நான் ஆபீசுக்குப் போய், டிக்கெட் கொடுக்காதது என் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சஸ்பெண்டு. ஓய்வு பெற இன்னும் நான்கே வருடம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மாதம் முடிந்துவிட்டது.

கடைசி நாள் மேரி முன்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். "ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கினு போங்கடி" என்று ஒவ்வொருத்தியையும் என்னிடம் அனுப்பினாள். அன்று மெஷின் சூடாகும் வரை அழுத்தினேன். கடைசி டிக்கெட் அவளுக்கு.

"எத்தினியாவது ஆளு அண்ணே நானு?"

"எண்பத்து மூணு."

"போதும். இன்னிக்கு ஒரு நாளாச்சும் நாங்க வண்டில கீறோம்."

மறுநாள் வண்டி இல்லை. ஆறு நாற்பது வண்டியைப் பிடித்து மேரி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். வைதேகி பதினொரு நாள் பள்ளியில் திட்டு வாங்கிக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். "நான் என்ன பண்ணுவேன் மேரி, ஏழு மணிக்கு ஆத்தை விட்டுக் கிளம்பியாகணுமே" என்று அழுதாராம். இப்போது அங்கே வேறு ஆள். மேரி தன் குடியிருப்புக்குப் பக்கத்துக் கம்பெனியில் கழிவறை கழுவுகிறாள். வர்ஷினி படிப்பை நிறுத்திவிட்டாள்.

போன வாரம் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் லாரன்சைப் பார்த்தேன். மேரியின் குடியிருப்பு வாசலில் ஆட்டோவோடு பார்த்துப் பழகிய முகம். அவர் என் வண்டியில் ஏறியதே கிடையாது, அதனால் ஐந்து பத்து வண்டியின் கண்டக்டர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் சொன்னார்.

"அந்த ஆபீசர் நல்ல மனுசன்தான் சார். எண்பது பேர் போறாங்கன்னா டிக்கெட் எங்கம்மா, கண்டக்டர் குடுக்கலையா, அவன் பேரை எழுதிக் குடு, விசாரணை முடியற வரைக்கும் வண்டியை நிறுத்தாம பாத்துக்கறேன்னாரு. மேரி மனுவை மடிச்சு வெச்சுக்கிச்சு. அப்பறம், அவரு குடுத்தாரு சார், நாங்கதான் வாங்கலன்னு சொல்லிடிச்சு."

இப்போது எனக்கு வேறு தடம். ஏறுகிற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் டிக்கெட்டைத் திணிக்கிறேன். "இன்னாத்துக்கு நைனா இந்தக் காகிதம்" என்று சலித்துக்கொள்கிறார்கள். இந்த வண்டி ஆரோக்கியமேரி இருக்கும் பக்கம் போவதில்லை.