பூக்கட்டிப் பார்க்கப் போன பகல்

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது மக்காச்சோளம் ஒடிக்கும் நேரத்தில். ஆஸ்பத்திரிக்குப் போடா என்றால், "சும்மா சளிடா, போடா வேலயப் பாரு" என்றான், எருமை. என்னைவிட இரண்டே வயது மூத்தவன், அதனால் எங்களுக்குள் எப்போதும் வாடா போடாதான். ஒரே வாரத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள்.

மறுநாள் காலை டாக்டர் அண்ணியையும் என்னையும் கூப்பிட்டார்.

"நுரையீரல் பூரா நீர் கோத்துடுச்சு. குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்துட்டோம். ஒரு மருந்து இருக்கு, இன்னும் சோதனையிலதான் இருக்கு. கேக்கலாம், கேக்காமலும் போகலாம். மெஷின் வச்ச ஒரு நாளுக்குள்ள போடணும். மூணு மணி வரைக்கும்தான் டைம். வீட்டம்மா கையெழுத்து வேணும்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க தம்பி. நீங்க சொன்னா போட்டுடறேன்."

தாள்களை எல்லாம் படித்தேன். நன்றாகவே புரிந்தது. போடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "குலசாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துட்டு வந்துடறேன் அண்ணி" என்றேன்.

எங்கள் சாமி இருப்பது குன்னம் பக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. ஆனால் பங்காளிகள் எல்லாரும் வந்து நிற்காமல் அவர் பொட்டலத்தைத் தொடமாட்டார். பெரியப்பா மகன் பாடாலூரில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார். "லோடு முடிஞ்சதும் வந்துடறேன்டா" என்றார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற நான், அன்றைக்குச் சரி என்றேன்.

அவர் வந்தபோது மணி நாலு. வெள்ளைதான் வந்தது.

அண்ணிக்குப் போன் போட்டு, "வெள்ள வந்துடுச்சு, போடுங்க" என்று கத்தினேன். டாக்டர்தான் வாங்கிப் பேசினார். "நேரம் தாண்டிடுச்சு சார். இனிமே போடக் கூடாது."

மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான். மருந்து போட்டிருந்தாலும் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பாவி, அதையாவது நிச்சயமாகச் சொல்லியிருக்கலாம்.

கருமாதி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அண்ணி கேட்டார். "ஏன் தம்பி, அன்னிக்கு அவருக்காகத்தான் பூக்கட்டிப் பாக்கப் போனீங்களா?"

அவனுக்காக இல்லை. மருந்தைப் போட்டு அவன் செத்திருந்தால், தம்பிதான் போடச் சொன்னான் என்று பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து போனேன்.

"அவனுக்காகத்தான் அண்ணி" என்றேன்.