பக்கத்து வீட்டோடு சமாதானம்

வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கும் ஒரு கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேச்சுவார்த்தை நடக்கிற பெரிய மேசைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதிரையிலேயே என் உத்தியோகம் முடிந்தது. நாடுகள் எப்படி விட்டுக்கொடுக்கின்றன என்று கிட்ட இருந்து பார்த்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதைக் காட்டுவதற்குக் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு இருந்த ஒரே ஆள், மூன்றாம் மாடியில் என் பக்கத்து வீட்டு அக்கா.

அவரும் தனி, நானும் தனி. பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும். பின்னேரம் தன் பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குச் செய்தி பார்க்க வருவார். பார்ப்பது எங்கே, சண்டைதான். எந்தத் தலைவராவது பலமான பக்கத்து நாட்டுக்கு இறங்கிப்போனால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதென்ன பேச்சுவார்த்தை? கேக்கக் கேக்கக் குடுத்தா, அவன் நாளைக்கு வீட்டையும் கேப்பான்!"

"சண்டை வராமப் பாக்கிறதும் கெட்டித்தனம்தானே அக்கா," என்பேன், அவரைச் சீண்டுவதற்காகவே. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் பகலைக் கழித்தேன்.

இதே அக்காதான் எங்கள் படிக்கட்டின் திருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார். முதலில் செருப்பு ராக்கை. பிறகு பூச்சாடிகள். பிறகு கதவு சாத்த முடியாத ஒரு பழைய அலுமாரி. ஒவ்வொரு முறையும், "உங்களுக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்பார். "எனக்கென்ன அக்கா," என்பேன். உண்மையாகவே எனக்கு ஒன்றுமில்லை. நடக்க இடம் இருந்தது, பின்னேரத்தில் துணை இருந்தது.

ஒரு சோடிச் செருப்புக் களவு போன கிழமை, படியை மறித்து இரும்புக் கேற் போடவேண்டும் என்று வந்தார். பூட்டின் திறப்பு எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும்.

"லிஃப்ட் இருக்குத்தானே, படியால ஆர் வரப்போயினம்? மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் வெளிநாட்டில. நீங்கள் ஓம் எண்டாக் காணும்."

படியால் வருகிற ஆள் ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து நாலாம் மாடியில் வாடகைக்கு இருந்தவர், முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர். சிறுநீரக வருத்தம். இரத்தம் சுத்திகரிக்க ஒவ்வொரு கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எங்கள் லிஃப்ட்டோ நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் படுத்துவிடும். அது படுத்த நாட்களில் மருமகன்மார் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, படியால் தூக்கி இறக்குவார்கள். அலுமாரி வந்த பிறகு அந்தக் கதிரையைச் சரித்துத்தான் திருப்பினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். வாடகைக்கு இருப்பவரிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பார்கள்?

பெரிய மேசைகளிலும் இதுதான் நடக்கும். என்னுடையதைக் கொடுத்து ஒரு சண்டையைத் தவிர்த்தால், அது இராஜதந்திரம். அந்த அறைக்கு அழைக்கப்படாத ஒருவனுடையதைக் கொடுத்து எனக்கு நிம்மதி வாங்கினால்? அதற்கு வைத்த அழகான பெயர்கள் பலவற்றை நானே மொழிபெயர்த்திருக்கிறேன்.

"அக்கா, படியை என்னால தர ஏலாது. அது என்ரை இல்லை," என்றேன். "என்ரை பல்கனி சும்மாதானே கிடக்கு. அலுமாரியை அங்க வைப்பம். செருப்பு ராக்கையும் என்ரை வீட்டுக்குள்ளயே வையுங்கோ."

"அப்ப நான் என்ன, படியைக் களவெடுக்க வந்தனானோ?"

கோபத்தோடு போனவர், அடுத்த நாளே ஆள் பிடித்து எல்லாவற்றையும் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கேற் வரவில்லை. அக்காவும் வரவில்லை. நாலாம் மாடிக்காரரின் கதிரை இப்போது சரியாமல் இறங்குகிறது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி நேரம் வந்தால் தொலைக்காட்சியைப் போடவே பயமாக இருக்கிறது. எதிர்த்துக் கதைக்க ஆளில்லாமல் உலகச் செய்தி கேட்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு இதற்குமுன் தெரியாது.

போன மாதம் ஒருநாள் லிஃப்ட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஏறவேண்டி வந்தது. அக்கா மெலிந்திருந்தார்.

"சுகமா இருக்கிறீங்களோ அக்கா?"

"ஓம், சுகம்," என்றார், என்னைப் பார்க்காமலே.

கேற்றைப் போடுங்கோ அக்கா, நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கோ என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. இறங்கிப்போகிற தலைவர்கள் எல்லாரும் சண்டைக்குப் பயந்தவர்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். சிலருக்காவது வேறு பயம் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் மாடி வந்து கதவு திறந்தது. அக்கா முன்னால் போனார். அவர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை, வாயை இறுக மூடிக்கொண்டு லிஃப்ட்டுக்குள்ளேயே நின்றேன்.