நாடா இல்லாத நாற்பது பாவாடைகள்

நான் தைத்துக் கொடுத்த துணியைத் திருக்கோகர்ணத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. தையல் அப்படி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என் வாய்க்குப் பயம்.

புயல் கடற்கரை ஊர்களைப் புரட்டிப் போட்ட வாரம், எங்கள் தெருவில் நிவாரணத் துணி சேர்த்தோம். தரம் பிரிக்கிற வேலை எனக்கு வந்தது. கிழிந்த வேட்டிகளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டை ஒழிக்க இதுதான் சமயமா என்று கொண்டுவந்தவர்கள் காதுபடவே திட்டி, அவற்றைத் தனி மூட்டையாகக் கட்டி ஓரத்தில் தள்ளினேன்.

அப்போது போன் வந்தது. என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் டீச்சர். கடலோரத்தில் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம்தான் முகாம்.

"அக்கா, பொடவை வண்டி வண்டியா வருதுங்க. உள்பாவாடை ஒண்ணுகூட வரல. எதுல சொருகி கட்டுறது? பொம்பளைங்க வகுப்புக்குள்ளயே இருக்காங்க."

ஒரு பெண்ணைப் பற்றித் தனியாகச் சொன்னார். கணவன் துபாயில். வீட்டுக் கூரை போய்விட்டது. நாளை மறுநாள் மதியம் சேதம் எழுத அதிகாரிகள் வருகிறார்கள். வீட்டு ஆள் யாராவது வீட்டின் முன்னால் நிற்க வேண்டும். அவளிடம் இருப்பதோ உடம்பில் கிடக்கும் கிழிந்த நைட்டி. இதோடு நாலு ஆம்பளைங்க முன்னாடி நிக்க மாட்டேன், எழுதாட்டிப் போகட்டும் என்கிறாளாம்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை புடவையை மடித்து அடுக்கியவள் நான். தையல்காரி வேறு. இது எனக்குத் தோன்றவே இல்லை.

கடையிலிருந்த பாப்ளின் துணி முழுவதையும் வெட்டினேன். கரண்ட் இன்னும் வரவில்லை. தையல் மெஷினில் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தேன். அன்றும் மறுநாளுமாக நாற்பது பாவாடை. முழங்கால் வீங்கிவிட்டது. நாடாவை அங்கே போய்க் கோத்துக்கொள்ளலாம் என்று ஒரு பையில் போட்டு வைத்தேன். லோடு ஆட்டோவில் ஏற்றியது என் கணவர். "எல்லாம் ஏத்தியாச்சு, ஒண்ணு விடல" என்றார்.

பள்ளியில் இறங்கிப் பிரித்தால் நாடாப் பை இல்லை. நான் ஒதுக்கிய கிழிசல் வேட்டி மூட்டை மட்டும் பத்திரமாக வந்திருந்தது. அந்த மனிதரை அங்கே நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அதிகாரிகள் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப வழியில்லை.

ஆத்திரத்தில் கையிலிருந்த வேட்டியைக் கிழித்தேன். கரை நீளவாக்கில் நேராகப் பிரிந்து வந்தது. இழுத்துப் பார்த்தேன். கடை நாடாவைவிடக் கெட்டி.

"யார்கிட்டயாவது ஊக்கு இருக்கா?" என்று வகுப்பறைக்குள் குரல் கொடுத்தேன். ஒருத்தி தாலிச் சங்கிலியிலிருந்து கழற்றினாள், ஒருத்தி முக்காட்டிலிருந்து, ஒருத்தி வளையலிலிருந்து. வீடு வாசல் போயும் ஊக்கு போகவில்லை. நான் கரையைக் கிழித்துப் போடப் போட, அவர்கள் ஊக்கில் மாட்டிக் கோத்துத் தள்ளினார்கள். "கை சும்மா இருக்கு, இங்கிட்டு ஒண்ணு போடுங்கக்கா" என்று என்னையே விரட்டினார்கள். என்னை ஒருவர் வேலை வாங்கி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

முதல் பாவாடை அந்தப் பெண்ணுக்கு. புடவை கட்டி வெளியே வந்தாள். நானும் என் கணவரும் அவள் வீடு வரை கூடப் போனோம். அதிகாரிகள் வந்தபோது கூரையில்லாத வீட்டின் முன்னால் நிமிர்ந்து நின்றாள். பீரோ நனைந்தது முதல் ஒன்று விடாமல் சொன்னாள். எழுதி முடித்தவரிடம், "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சற்று முன் திட்டு வாங்கிய கணவரிடமே, "நான் தச்சது" என்றேன்.

அவர்கள் போனதும் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அக்கா, ஒசரம் ரெண்டு விரக்கடை கூடங்க. நடக்கையில தட்டுது."

திருக்கோகர்ணமாக இருந்தால் நடப்பதே வேறு.

"நில்லு, மடிச்சுத் தாரேன்" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, வீங்கின முழங்காலை மடக்கி அவள் காலடியில் உட்கார்ந்தேன்.