ஞாயித்துக்கெழம டிராஃப்ட்

எங்க வூட்ல தெலுங்கு. அப்பாவ நான் நாயனான்னுதான் கூப்பிடுவேன். ஓசூர் பக்கம் தெலுங்குப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, தர்மபுரியில சர்க்கார் ஆபீசுல கிளார்க்கா இருந்தாரு. அவரு இங்கிலீஷ்ல டிராஃப்ட் எழுதி மேல அனுப்பினா, அதிகாரி சிவப்பு மையத் தொடவே மாட்டாராம். அப்படியே டைப்புக்குப் போயிடுமாம். "கிராமர் சுத்தமா இருந்தா உத்தியோகம் தானா மேல ஏறும்"னு சோறு திங்கும்போதுகூடச் சொல்லுவாரு. யப்பா, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு! எந்த பாஷை கிராமர்னு மட்டும் அவருக்கு யாரும் சொல்லல.

இனிமே எல்லாம் தமிழ்லதான் எழுதணும்னு உத்தரவு வந்துச்சு. தப்புன்னு நான் சொல்லமாட்டேன். இண்டூர்ல இருந்து மனு குடுக்க வர்றவங்களுக்குப் புரியற பாஷையிலதானே பதில் போவணும்? ஆனா நாயனா இடிஞ்சு போயிட்டாரு. பேச்சுத் தமிழ் அவருக்குத் தண்ணி மாதிரி வரும். எழுத உக்காந்தா கை நின்னுபோவும். அவரோட மொதத் தமிழ் டிராஃப்ட் முழுக்கச் சிவப்பாத் திரும்பி வந்துச்சு. நேத்து வேலைக்கு வந்த பசங்க அத வாங்கிப் படிச்சுச் சிரிச்சாங்களாம். பாவிங்க!

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தமிழ்ல படிச்சவ. சாயங்காலமானா அவரு விஷயத்தத் தெலுங்குல சொல்லுவாரு, நான் ஆபீஸ் தமிழ்ல எழுதுவேன், அவரு அதப் பாத்து தன் கையெழுத்துல எழுதிக்குவாரு. அப்படியே ரெண்டு மூணு வருஷம் ஓடுச்சு. தற்காலிகமா ஹெட் கிளார்க் சீட்டே குடுத்துட்டாங்க. ஒழுங்கா நடத்தினா நிரந்தரம்னாங்க. அவரு வாழ்க்கையில ஆசைப்பட்டது அந்த ஒரு நாற்காலிக்குத்தான்.

அந்த நேரம் பாத்து எனக்குக் கல்யாணம். மொரப்பூர் பக்கம் குடுத்தாங்க. ஞாயித்துக்கெழம ஆனா போதும், நாயனா பஸ் புடிச்சு வந்து நிப்பாரு. "மகமேல இப்படி உசுர வெச்சிருக்கற அப்பன நான் பாத்ததில்ல"ன்னு மாமியா தெருவெல்லாம் சொல்லுவாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் நாங்க எழுத உக்காந்துடுவோம். "நல்லா இருக்கறியா?"ன்னு கேப்பாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள பையில இருந்து பேப்பர எடுத்துடுவாரு. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். ஆனாலும் அடுத்த ஞாயித்துக்கெழம எப்ப வரும்னுதான் பாத்துக்கிட்டிருப்பேன்.

அவசர ஃபைல் ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்குமா? புதுசா வந்த அதிகாரி, "இங்கயே உக்காந்து எழுதிக் குடுங்க"ன்னு தன் மேஜைக்கு முன்னால உக்கார வெச்சுட்டாராம். நாயனா பேனாவத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாராம். ஒரு வரிகூட வரலையாம். கூட வேலை பாத்தவரு ஒருத்தரு பின்னால எங்கிட்டச் சொன்னாரு.

அந்த வாரமும் வந்தாரு. பையில வாழைப்பழம் மட்டும்தான் இருந்துச்சு.

"பேப்பர் எங்க நாயனா?"ன்னேன்.

"சீட்ட எடுத்துட்டாங்கம்மா. தபால் பிரிவுக்குப் போட்டுட்டாங்க. ஸ்டாம்ப் ஒட்டறதுக்கு கிராமர் எதுக்கு?"ன்னு சிரிச்சாரு.

மாமியா காபி குடுத்துட்டு, "ரெண்டு பேரும் பேசிட்டிருங்க சம்பந்தி"ன்னு உள்ள போயிட்டாங்க. உக்காந்தோம். என்ன பேசறதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. காபியக் குடிச்சு முடிச்சுட்டு, "மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன்"னு எந்திரிச்சாரு. அப்புறம் எந்த ஞாயித்துக்கெழமையும் அவரு வரல.