படத்தில் விழுந்த காப்பித் துளி

இன்று தேவிபட்டினம் பஸ் ஸ்டாப்பில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா சின்னப் புகைப்படம் ஒன்றை நீட்டினார்.

"இவுக எங்க வீட்டுக்காரர், தம்பி. கடலுக்குப் போனாக, இன்னும் வரல. எங்கனயாச்சும் பாத்தீகளா?"

வாங்கும்போது என் காப்பி ஒரு சொட்டு அந்த முகத்திலேயே விழுந்துவிட்டது. அக்கா பதறிப்போய் முந்தானையை எடுத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு படம்தான்.

"தேய்க்காதீங்கக்கா, அப்படியே காயட்டும்" என்றேன்.

நான் இயற்பியல் வாத்தியார். சொட்டு காயும்போது அதிலுள்ள தூளெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும்.

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். முகத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்தது. நடுவில் முகம் தெளிவாகவே இருந்தது.

"மூஞ்சி தெரியுதுல்ல, போதும் தம்பி. எங்கனயாச்சும் கரை ஒதுங்குனா அடையாளம் காட்டணும்ல."

கறைக்குக் காரணம் சொல்லிவிட்டேன். இதற்கு என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.