முகர்ந்து மட்டும் அறிந்த ஒயின்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் நிருபர். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டப்பட்ட ஒரு நூற்பாலையில் இயந்திரங்களை நிறுவ, சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை ஃபிட்டர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. வேலை முடிந்த மாலைகளில் நான் போனேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சீக்கிரமே நண்பர்களாகிவிட்டோம்.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். வெளிநாட்டுக்காரர் என்பதால் அவருக்குப் பர்மிட் இருந்தது. ஆனால் அவர் மட்டும்தான் குடிக்கலாம்; அடுத்தவருக்கு ஊற்றினால் குற்றம். சட்டத்தை மீறாதவர் அவர். “காற்றுக்குப் பர்மிட் வேண்டாம்” என்று சொல்லி, கண்ணாடிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். அப்படித்தான் என் பாடம் தொடங்கியது.

முதலில் கண். வெள்ளைக் காகிதத்துக்கு மேல் கோப்பையைச் சாய்த்தால், சிவப்பு ஒயின் நடுவில் அடர்ந்தும் விளிம்பில் நீர்த்தும் தெரியும். அடுத்தது மூக்கு. அசைக்காமல் ஒரு முறை முகர வேண்டும். பிறகு சுழற்றி, உள்ளங்கையால் மூடி, சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. முதலில் வருவது மேலே மிதக்கும் மணம், இரண்டாவதாக வருவதே உள்ளே இருப்பது என்பார். அவர் உவமை சொன்ன பழங்களை நான் கண்டதில்லை. அதனால் ஒவ்வொரு ஒயின் வகைக்கும் நானே ஓர் அடையாளம் வைத்துக்கொண்டேன். பினோ என்றால் இலந்தைப்பழம். காபர்னே என்றால் நாவல்பழமும், கிள்ளிய பச்சை மிளகாய்க் காம்பும். மஸ்கட் நம் பன்னீர் திராட்சையேதான். ரீஸ்லிங்கில் எலுமிச்சை இலை. அதற்குப் பின்னால் மெல்லிய மண்ணெண்ணெய் வாடை. கெட்டுவிட்டதோ என்று கேட்டேன். அதன் குணமே அதுதான் என்று சிரித்தார்.

சில மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன். ஒரு துளியும் நாவில் பட்டதில்லை. “பேப்பர்காரரு மோந்து மோந்தே மப்பாயிருவாராட்ட இருக்குதுங்க!” என்று ஃபிட்டர்கள் கேலி செய்வார்கள்.

ஆலையின் பங்குதாரர் ஒருவருக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அந்த வீட்டில் மதுவைத் தொட்டவர் கிடையாது. ஆனால் விருந்தாளி கேட்கும் முன்பே அவர் வழக்கத்தை அறிந்து செய்வதுதான் அவர்களுக்கு மரியாதை. வெள்ளைக்காரர்களுக்கு ஒயின் இல்லாமல் விருந்தில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் மூலமாகவோ வெளிநாட்டு லேபிள் ஒட்டிய இரண்டு பாட்டில்களை வாங்கிவிட்டார்.

இலை போட்டதும், அவரே கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தார். “தொரைக்குன்னே தருவிச்சதுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லப்படாதுங்க.”

பொறியாளருக்குப் பலத்த ஜலதோஷம்; எந்த மணமும் தெரியவில்லை. மறுத்தால் இந்த ஊரில் எவ்வளவு வருத்தப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். குடிக்கத் தயாராக இருந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. இது என்ன, சொல் பார்க்கலாம் என்று டம்ளரை என்னிடம் நீட்டினார்.

என் வெள்ளை வேட்டிக்கு மேல் சாய்த்துப் பார்த்தேன். நடுவிலும் விளிம்பிலும் ஒரே சிவப்பு, சாயம் கரைத்ததுபோல. முதல் முறை கிராம்பும் காய்ச்சிய சர்க்கரையும் மணத்தன. உள்ளங்கையால் மூடிப் பொறுத்தேன். இரண்டாம் முறை வந்தது, பம்ப் அடுப்பைப் பற்றவைக்க ஊற்றும் ஸ்பிரிட்டின் வாடை. ரீஸ்லிங்கின் மண்ணெண்ணெய் நினைவுக்கு வந்து ஒரு கணம் சந்தேகப்பட்டேன். இன்னொரு முறை முகர்ந்தேன். சந்தேகம் போய்விட்டது.

குடிக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, பங்குதாரர் பக்கம் குனிந்தேன். “இது ஒயின் இல்லைங்க. அடுப்பு ஸ்பிரிட்டுல சாயம் கலந்திருக்குதுங்க. குடிச்சா கண்ணே போயிருமுங்க.”

அவர் முகத்தில் முதலில் அவமானம் தெரிந்தது. அடுத்த கணம் முகம் வெளுத்தது. “இன்னொரு பாட்டலை எம் மச்சான் நேத்துப் பொழுதோட எடுத்துட்டுப் போனானுங்களே.”

மச்சான் என்றது அவர் மனைவியின் தம்பியை. இளைஞர், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிணற்றடி மோட்டார் அறையில் கட்டிலில் கிடந்தார். காலையிலிருந்து தலைவலி, வாந்தி. பித்தம் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். எங்கள் குரல் கேட்டதும், “கண்ணுக்குள்ள பஞ்சு பறக்கறாப்பல இருக்குதுங்க, மாமா” என்றார்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் கார் கிளம்புவதற்குள் இரண்டு பாட்டில்களும் டம்ளரும் கழுவப்பட்டுவிட்டன. நண்பர் தோட்டத்திலேயே தங்கினார். பின் இருக்கையில் அக்கா தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தார். ஓட்டியபடியே பங்குதாரர் சொன்னார்: “டாக்டருகிட்ட சாப்பாடு சேரலைன்னு சொல்லிக்கலாங்க. போலீசு, கேசுன்னு வந்துதுன்னா நிச்சயம் பண்ணுனது நிக்காதுங்க. நீங்க வேற பேப்பர்காரரு…”

“பேப்பர்ல வராதுங்க. ஆனா டாக்டருகிட்ட மறைக்க முடியாதுங்க” என்றேன்.

கோயம்புத்தூர் பெரிய மருத்துவமனையில், எனக்கு முன்பே பங்குதாரர் சாப்பாட்டுக் கதையைச் சொல்லிவிட்டார். நான் ஸ்பிரிட் என்றேன்.

“பாட்டில் எங்கே?” என்றார் டாக்டர்.

“கழுவிவிட்டார்கள்.”

“நீங்கள் குடித்துப் பார்த்தீர்களா?”

“இல்லை. முகர்ந்தேன்.”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவருக்கு இதெல்லாம் என்னங்க தெரியும், குடிச்சே பழக்கமில்லாதவரு” என்றார் பங்குதாரர். அது உண்மைதான்.

பங்குதாரரின் மனைவியான அந்த அம்மாள் முன்னால் வந்தார். “டாக்டரய்யா, அவரு சொல்றது நெசமுங்க. எந்தம்பி அதைக் குடிச்சுப்போட்டானுங்க. பாட்டலைக் கழுவுனது நாந்தானுங்க.”

அதன்பின் டாக்டர் எதுவும் கேட்கவில்லை. அந்த நஞ்சுக்கு மாற்று, அளவோடு கொடுக்கும் சுத்தமான சாராயம்தானாம். மருத்துவமனையில் இருந்ததைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து தந்தார்கள். சாராய வாடையே அறியாத அந்த அம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கரண்டி கரண்டியாகத் தம்பிக்கு ஊட்டினார்.

உயிர் தங்கியது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வெளிச்சம் தெரியும், வழி தெரியும். எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. செய்தியை நான் எழுதாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நிச்சயமான கல்யாணம் நின்றது. பங்குதாரர் பிறகு என்னோடு பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விருந்தாளியை மதிக்க நினைத்து ஏமாந்தவர் அவர்.

நல்ல மூக்கு உனக்கு என்று நண்பர் ஊருக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று அந்த இளைஞரைக் காப்பாற்ற என் மூக்கு மட்டும் போதவில்லை. புருஷன் பக்கத்தில் நிற்க, விஷயம் போலீஸ்வரை போகக்கூடும் என்று தெரிந்தே, அந்த அம்மாள் மூன்று வாக்கியம் சொன்னார். முதல் இரண்டும் தம்பியின் உயிருக்காகச் சொன்னவை. பாட்டிலைக் கழுவியது தான்தான் என்ற மூன்றாவதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு செய்தியை எழுதி முடிக்கும்போதெல்லாம், அந்த மூன்றாவது வாக்கியத்தின் அளவுக்காவது இதில் உண்மை இருக்கிறதா என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.