கொட்டகையில் ஓடிய ஃப்ரிட்ஜ்

நோரீன் டிரெகென்சா கணவரின் பைஜாமாச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலருக்கு வரும்போது இஸ்திரிப்பெட்டி ஆறிப்போனது. வீட்டு வயரெல்லாம் மாற்ற வந்த டஸ்கோ மெயினை அணைத்திருந்தான். அது அவளுக்குத் தெரியும். கரண்ட் போனால் உதவும் என்று கணவர் சோலாரோடு மாட்டிய பேட்டரி ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

கணவர் க்ளெம் ஐந்து வாரமாக வாலரூ ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். வயர் வேலை முடிய இன்னும் ஆறு நாள். நாளைக் காலைக்குள் நிற்காத கரண்டுக்கு வழி காட்டாவிட்டால் அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட இல்லத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். வீடு திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டஸ்கோ விளக்கினான். மெயின் போனால் பேட்டரி வீடு முழுக்கக் கொடுக்காது, தனியாகப் பிரித்துவிட்ட ஒரு லைனுக்கு மட்டும்தான். எந்த லைன் என்று மாட்டும்போதே வீட்டுக்காரர் சொல்ல வேண்டும்.

"க்ளெம் எதைச் சொன்னாரு?"

"கொட்டகைக்கு வந்து பாருங்க."

வீடு இருண்டு கிடந்தது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் பீர் ஃப்ரிட்ஜ் மட்டும் சௌக்கியமாக உறுமிக்கொண்டிருந்தது.

"பெட்ரூமை விட்டுட்டு பீரைக் காப்பாத்தியிருக்காரு மனுஷன்."

"இந்தத் தெருவுல எல்லார் வீட்டுலயும் இதே கதைதான், நோரீன். எங்கப்பாவும் சேர்த்து."

லைனைப் பெட்ரூமுக்கு மாற்றிக் கொடு என்றாள். முடியாது என்றான். அவன் பிடுங்கப்போகும் வயரே அதுதான். பேட்டரி அதற்குக் கொடுத்தால் மெயினை அணைத்தாலும் உயிரோடு இருக்கும், கை வைத்தால் அவன் போய்ச் சேருவான். கொட்டகை லைன் புதுசு, வீட்டைத் தொடாமல் போகிறது, அதை அணைக்கவே வேண்டாம். பகலில் கூரையிலுள்ள சோலார் தகடுகள் பேட்டரியை நிரப்பும், இரவெல்லாம் தாங்கும்.

நோரீன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் நண்டு வலை, மூலையில் க்ளெமின் ஸ்டூல். தினம் ஐந்து மணிக்கு, டீ ஆறுகிறது என்று இந்தக் கதவைப் பார்த்துத்தான் சத்தம் போடுவாள். ஐந்து வாரமாக உள்ளே ஆளில்லை. ஆனால் அந்த நேரம் வந்ததும் தொண்டை மட்டும் தானாகத் தயாராகி நின்றது.

"கட்டில் இந்த வாசல்ல நுழையுமா?"

டஸ்கோ அளவெடுத்தான். "நுழையும். ஆனா ஃப்ரிட்ஜ் வெளிய போகணும். அவர் ஒத்துக்குவாரா?"

"கேட்டாத்தானே."

வார்டுக்குப் போன் செய்தாள். கொட்டகையா என்று நர்ஸ் இழுத்தாள். மெஷினோடு வந்து பார்த்துவிட்டுச் சொல்லு என்று நோரீன் வைத்துவிட்டாள். பிறகு சாயங்காலம் வரை தரையைத் தேய்த்தாள். சுவர் ஓட்டைகளை அடைத்தாள். டஸ்கோவும் அவளுமாகக் கட்டிலை உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். நண்டு வலையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் மெஷினோடு வந்தாள். நோரீன் வாசலுக்கு வெளியே நகர்த்தியிருந்த ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, மெஷினுடையதைச் செருகினாள். டஸ்கோ மெயினை அணைத்தான். வீட்டில் எல்லாம் நின்றது, மெஷின் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் பத்து நிமிஷம் நின்று பார்த்து, க்ளெமை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

நோரீன் காலர் தேய்க்காத சட்டையைப் பையில் வைத்து, அவரை அழைத்துவரக் காரை எடுத்தாள்.